தலைவர் உரை, மூன்றாம் பாகம்

குற்றாலிங்கம் அண்ணாச்சி சொல்வதை நம்ப வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். நடந்ததையும் கூடவே சொல்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவமணி இருக்கிறாள். அவளுடைய வேலையே அதுதான்.

பச்சையாறு பால் பண்ணையின் இறக்குமேடையில் தவமணி பால் பரிசோதகர். லாரியில் வரும் ஒவ்வொரு கேனையும் திறந்து முகர்வாள். ஒரு கரண்டி எடுத்துச் சோதிப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் சிவப்புச் சீட்டு எழுதிக் கேனின் கழுத்தில் ஒட்டுவாள். சீட்டு ஒட்டிய கேன் வந்த வழியே, வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். சிபாரிசு, சிரிப்பு, கண்ணீர் எதுவும் அவளிடம் எடுபடாது. போன மாதம் லாரி டிரைவர் மாசானத்தின் சொந்த மாட்டுப் பாலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் இருந்தது. "மாடு மழையில நனஞ்சிட்டு" என்றான் மாசானம். தவமணி அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டை ஒட்டினாள். அவன் அதை இன்னும் மறக்கவில்லை.

அன்று ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்கு மாசானத்தின் லாரி பதினோரு ஊர்ப் பாலோடு வந்து நின்றது. நூற்றுப்பத்து கேன். எல்லாம் நல்ல பால். முதல் கேனைத் தூக்கி எடைத்தொட்டியில் கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. தொட்டியின் மூடி திறக்கவில்லை.

முன்பெல்லாம் அந்த மூடிக்கு ஒரு கைப்பிடி இருந்தது. பண்ணை நவீனமான அன்று, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அதைக் கழற்றச் சொல்லி, 'பழமைக்கு விடை' என்று எழுதிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு கேனுக்கும் கணினி ஓர் எண் தரும். எண் வந்தால் மூடி தானே திறக்கும். எண் வராவிட்டால் இந்திரனே வந்தாலும் திறக்காது. தலைவர் மதுரையில் ஏதோ மாநாட்டில் இருந்தார். அறைச் சாவியும் அவருடன் மாநாட்டில் இருந்தது.

தவமணி கடிகாரத்தைப் பார்த்தாள். கறந்து மூன்று மணி நேரம் ஆன பால். குளிரூட்டாமல் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் திரியும். திரிந்தால் பதினோரு ஊர்ப் பாலையும் அவளே தன் கையால் சாக்கடையில் கொட்ட வேண்டும். ஒன்பது வருஷ வேலையில் கெட்ட பாலை எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். நல்ல பாலைக் கொட்டியதில்லை.

"மாசானம், லாரியை வேப்பமரத்துக்குக் கீழ விடு. சாக்கை நனைச்சுக் கேன் மேல போடு" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனை நோக்கி நடந்தாள்.

கணினி இருக்கும் அறை கேன்டீனை ஒட்டித்தான் இருந்தது. உண்மையில் அது கேன்டீனின் பழைய மளிகை அறை. ஏ.சி. போட்டு நாலு வருஷமாகியும் பெருங்காய வாசம் போகவில்லை. அந்த அறைக்குள் பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். அதுதான் சர்வர். அதைப் பார்த்துக்கொள்கிற குற்றாலிங்கம் அண்ணாச்சி, அறை குளிர்கிறது என்று சொல்லிக் கேன்டீன் மேஜையில்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார். எதிரே லேப்டாப்பும் பக்கத்தில் உளுந்த வடையும் இருக்கும். அன்று வடை தொடப்படாமல் இருந்தது. தவமணி அதைக் கவனித்தாள்.

"வா தாயி, பயப்படாத. டைரக்டரி நிறைஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். எந்த ஊர், யார் வீட்டுப் பால், எத்தனை லிட்டர் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பது தரவுதளம். அது மிகவும் ஒழுங்கான குமாஸ்தா. எதை எழுதினாலும், 'இன்ன நேரத்தில் இன்னதை எழுதினேன்' என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதிப் போட்டுவைக்கும். நாளைக்கு மெஷின் படுத்துவிட்டால் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் எல்லாவற்றையும் மீட்க வேண்டும். அந்தக் குறிப்புகள் சேரும் இடத்துக்கு டைரக்டரி என்று பெயர். நூறு ஜி.பி. கொள்ளும். அது நிறைந்துவிட்டால், குறிப்பு எழுத இடமில்லாத வேலையை நான் செய்ய மாட்டேன் என்று குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எண் வராது. மூடி திறக்காது.

"ஒரு நாளைக்கு ஒரு ஜி.பி. குறிப்பு. அப்ப நூறு நாள் தாங்கணும். தொண்ணூறாம் நாள் காலி பண்ணலாம்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு அறுபதாம் நாளு தாயி! எப்படி நிறையும்?"

"போன வருசம் வரைக்கும் மாசா மாசம் காலி பண்ணுவீங்களே?"

"அது கணக்குத் தெரியாதவன் செய்யுத வேலை."

தவமணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அறுபது நாளுக்கு அறுபது வரி. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி தனியாக நின்றது. அதன் அளவு நாற்பது. அதன் பெயர், 'தலைவர் உரை, மூன்றாம் பாகம்.'

"இது என்னது அண்ணாச்சி?"

"அதான் இருக்கே, தலைவரு உரை. ரொம்ப நாளாக் கிடக்கு. நான் போட்ட கணக்குல தப்பில்ல தாயி. இந்த மனுசன் வாயைக் கணக்குல சேர்க்கலை, அதான் தப்பு. அவரு பேசுனா நாப்பது ஜி.பி. ஆகாம என்ன ஆகும்?"

"இதை அழிச்சிருங்க. இடம் கிடைச்சிரும்லா."

அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார். "நல்லாச் சொன்ன! அவரு போட்டோவைத் துடைக்கும்போது மீசையில கொஞ்சம் அழிஞ்சிட்டுன்னு வாட்ச்மேனுக்கு மூணு நாள் சஸ்பெண்டு. மீசைக்கே மூணு நாள். பேச்சுக்கு எத்தனை வருசம்னு நீயே கணக்குப் போடு."

"திறந்தாவது பாத்தீங்களா?"

"முதல் ரெண்டு பாகத்தையும் நேர்ல உக்காந்து கேட்டவன் நான். மூணாவதை வேற கேக்கணுமா?"

ஆகவே அண்ணாச்சி வேறு வழியில் இறங்கியிருந்தார். அறுபது நாள் குறிப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வெளியே செருகிய ஒரு பழைய டிஸ்க்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மொத்தமும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்கே அழிக்கலாம். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை போல ஊர்ந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: 'இன்னும் ஒரு மணி பத்து நிமிடம்.'

"நடுவுல நிறுத்தக் கூடாதா?"

"அந்த டிஸ்க் ரிட்டயர் ஆன டிஸ்க் தாயி. ஓட ஆரம்பிச்சா ஓடணும். நிறுத்துனா திரும்ப எந்திரிக்காது."

செய்வதற்கு ஒன்றுமில்லை. மாசானம் சாக்கை நனைத்துவிட்டு வந்தான். கேன்டீன் நடத்தும் பீர்முகம்மது பாய் நாலு கிளாஸ் டீ கொண்டுவந்து, ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குற்றாலிங்கம் அண்ணாச்சி பச்சைக் கோட்டைப் பார்த்தார், தவமணியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

வேலை ஒழுங்காக நடக்கும் நாளில் அவர் வடை அளவுக்குப் புளுகுவார். பயந்திருக்கும் நாளில் அண்டா அளவுக்குப் புளுகுவார். இது தவமணிக்குத் தெரியும்.

"இதெல்லாம் ஒரு நிறைவா?" என்று தொடங்கினார். "நான் பெங்களூர்ல ஒரு கம்பெனியில இருந்தேன். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அவுங்க அழுவாங்க. அங்க டைரக்டரி நிறைஞ்சுது பாருங்க, ஒரு முற்றுப்புள்ளி வைக்க இடமில்லை."

"முற்றுப்புள்ளியா?" என்றான் மாசானம்.

"புள்ளிதான் வே. ஊசி முனை அளவு. அதுக்கு இடமில்ல. மேனேஜரு ஒரு கிளார்க்கைத் திட்டி லெட்டர் அடிச்சாரு. முடிக்கலாம்னு பாத்தா புள்ளி விழ மாட்டேங்கு. புள்ளி இல்லாம எப்படி முடிக்க? திட்டிக்கிட்டே இருக்காரு. ராத்திரி பகலா மூணு நாளு. திட்டுததுக்கு விசயம் தீர்ந்து போச்சு. நாலாம் நாளு வேற வழியில்லாமப் பாராட்ட ஆரம்பிச்சாரு. கடைசியில நான் போயி ஒரு புள்ளிக்கு இடம் பண்ணிக் குடுக்கதுக்குள்ள அந்தக் கிளார்க்குக்குப் பதவி உயர்வு கிடைச்சிட்டு. இன்னைக்கு அவன்தான் அங்க மேனேஜர்."

தவமணி டீயைக் குடித்தாள். "புள்ளிக்கே இடமில்லாத இடத்துல மூணு நாள் லெட்டரை எங்க எழுதினாரு?"

அண்ணாச்சி ஒரு கணம் யோசித்தார். "ஓரத்துல" என்றார்.

பச்சைக் கோடு நூற்றுக்குப் பதினான்கு என்று காட்டியது. தவமணி எழுந்து போனாள். ஒரு கேனிலிருந்து கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்து, கொதிக்கும் தண்ணீருக்குள் ஐந்து நிமிடம் நிறுத்தினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். குழாயின் சுவரில் பால் வழவழவென்று இறங்கியது. திரியவில்லை. திரும்பி வந்தாள். அண்ணாச்சி அவளுக்காகக் காத்திருந்தவர் போல அடுத்ததை எடுத்தார்.

"இடம் இல்லைன்னா என்ன செய்யணும்? அமுக்கணும். நான் அமுக்குனா வேற மாதிரி. ஒரு தடவை ஒரு வருசத்துக் குறிப்பு மொத்தத்தையும் அமுக்குனேன். முதல்ல அரிசி மூட்டை அளவு வந்துது. இன்னும் அமுக்குனேன், தேங்கா அளவு. முழங்காலை ஊணி ஒரு அமுக்கு. கடுகு அளவு ஆயிட்டு! அதை ஒரு பேப்பர்ல மடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோயி அடுப்பாங்கரை ஜன்னல்ல வச்சேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்."

"அக்கா தாளிச்சிட்டாங்களா?" என்றார் பீர் பாய்.

"ரசத்துக்கு! எண்ணெயில போட்டதுதான் தாமசம், ஜனவரி வெடிக்கு, பிப்ரவரி வெடிக்கு, வீடு பூராவும் மாசமாத் தெறிக்கு. நான் தட்டோட ஓடி ஓடிப் பிடிக்கேன். பதினோரு மாசத்தைப் பிடிச்சிட்டேன். மார்ச் மட்டும் அடுப்புக்குள்ள விழுந்து கருகிட்டு. அந்தக் கம்பெனியில இன்னைக்கும் பிப்ரவரி முடிஞ்சா ஏப்ரல்தான்."

"மார்ச்சுல பிறந்தவங்க?" என்று தவமணி கேட்டாள்.

"வயசே ஏறலை. அதுல ஒரு அம்மா இருபத்தெட்டுலயே நிக்காங்க. பேத்திக்கு முப்பது."

மாசானம் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். "அப்ப இதையும் அமுக்க வேண்டியதுதானே அண்ணாச்சி? உம்ம முழங்காலுக்கு இன்னைக்கு என்ன?"

"அமுக்குததுக்கும் கொஞ்சம் இடம் வேணும் வே. துணி மடிக்க ஒரு கட்டில் வேண்டாமா? இங்க நிக்கவே இடமில்ல."

இது மட்டும் உண்மை. அண்ணாச்சியின் புளுகில் அங்கங்கே ஓர் உண்மை கல்லைப் போலக் கிடக்கும். தவமணி அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கோடு முப்பத்தொன்றில் இருந்தது. வேப்பமர நிழல் லாரியை விட்டு நகரத் தொடங்கியது. மாசானம் ஓடிப்போய் லாரியை ஒரு கஜம் பின்னால் எடுத்துவிட்டு வந்தான். தவமணி மறுபடி சோதித்தாள். நல்ல பால்தான். ஆனால் கேனைத் திறந்ததும் மூக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. புளிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் புளிப்பு கிளம்பி வழியில் வந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது அண்ணாச்சி எழுந்து நின்றே பேசிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"கேளு தவமணி, இதை நீ கேக்கணும். தென்காசியில ஒரு ஆபீசு. அங்க நிறைஞ்சதுல பெட்டியே உப்பிட்டு. எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி நிக்கு. ஆணி ஒண்ணொண்ணாத் தெறிக்கு. உள்ள இருந்து ஒண்ணும் பூஜ்ஜியமும் கதவிடுக்கு வழியா வழிஞ்சு வராண்டாவுக்கு வந்துட்டு. கம்ப்யூட்டருக்குள்ள எல்லாமே ஒண்ணும் பூஜ்ஜியமும்தான், தெரியும்லா? ஒண்ணைப் பத்திக் கவலையில்ல, அது விழுந்த இடத்துல குச்சி மாதிரிக் கிடக்கும். பெருக்க வந்த அம்மா அள்ளிக் கட்டி வாரியலாக்கிட்டாங்க. பூஜ்ஜியம்தான் நிக்காது. உருண்டைலா! படியில உருளுது, பஸ் ஸ்டாண்டுல உருளுது, குற்றாலம் ரோட்டுல உருளுது. அருவியில குளிச்சவன் கழுத்துல எல்லாம் மாலை மாதிரி விழுது. டீக்கடைக்காரங்க பொறுக்கி வடைக்கு நடுவுல வச்சாங்க. நம்ம பக்கம் உளுந்த வடைக்கு ஓட்டை வந்ததே அன்னைக்குத்தான்."

பீர் பாய்க்கு இது பிடிக்கவில்லை. "எங்க வாப்பா காலத்துலயே வடைக்கு ஓட்டை உண்டு."

"அது கைல போட்ட ஓட்டை பாய். நான் சொல்லுதது கம்ப்யூட்டர் ஓட்டை."

"உருண்டதை எல்லாம் எப்படிப் பிடிச்சீரு?" என்றான் மாசானம்.

"ரோட்டுல சுண்ணாம்பால பெருசா ஒரு எட்டு வரைஞ்சேன். எட்டுன்னா என்ன? ரெண்டு பூஜ்ஜியம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கது. அதைப் பாத்ததும் இதுகளுக்கும் ஆசை வந்துட்டு. ஜோடி ஜோடியா வந்து வரிசையில நின்னுது. அள்ளிக் கூடையில போட்டேன்."

"அப்ப பூஜ்ஜியம் எல்லாம் எட்டாயிட்டே" என்றாள் தவமணி. "கணக்குத் தப்பாகலையா?"

"ஆச்சு. அது பரீட்சை ஆபீசு. அந்த வருசம் பூஜ்ஜியம் வாங்க வேண்டிய பயலுக எல்லாம் எட்டு மார்க் வாங்கினானுக. ஊரே கொண்டாடிச்சு."

மாசானம் மேஜையைத் தட்டிச் சிரித்தான். தவமணி சிரிக்கவில்லை. அவள் கையில் சோதனைக் குழாய் இருந்தது. வரும்போதே கொண்டுவந்திருந்தாள். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு பொட்டு. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நுரைதான். இந்தத் தடவை நுரை. அடுத்த தடவை நுரையாக இருக்காது.

"அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "சாக்கு நனைச்சதால பால் இன்னும் அரை மணி நேரம் தாங்கும். கோடு என்ன சொல்லுது?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ரிட்டயர் ஆன டிஸ்க்குக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கோடு நாற்பத்தாறில் நின்று மூச்சு வாங்கியது. பக்கத்தில் எழுதியிருந்தது: 'இன்னும் ஐம்பது நிமிடம்.'

மாசானத்தின் வீட்டு மாடும் அந்தப் பதினோரு ஊரில் ஒன்றில்தான் இருந்தது. இந்தத் தடவை அவன் தண்ணீர் கலக்கவில்லை. இந்தத் தடவை பார்த்தா இப்படி ஆக வேண்டும் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. "தலைவரு ரூம் கதவை உடைச்சுக் கைப்பிடியை எடுத்திருவமா?" என்றான்.

"தேக்குக் கதவு" என்றார் பாய். "உடைக்கதுக்குள்ள பால் தயிராகி மோராயிரும்."

அண்ணாச்சியால் பேசாமல் இருக்க முடியவில்லை. பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவாரோ என்று தவமணிக்குத் தோன்றியது.

"இதுக்கெல்லாம் ஒரு மருந்து இருக்கு" என்றார். "பெரிய பெரிய ஆளுகளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நான் எந்த ஆபீசுல சேர்ந்தாலும் முதல் நாளு முதல் வேலையா என்ன செய்வேன் தெரியுமா? கொஞ்சம் ஒண்ணுமில்லாததைப் பிடிச்சு உள்ள அடைச்சு வைப்பேன்."

"எதைப் பிடிச்சு?"

"ஒண்ணுமில்லாததை. வெறுமையை. பத்து ஜி.பி., இருபது ஜி.பி. வெறுமை. உள்ள ஒரு எழுத்துக் கிடையாது, ஒரு விசயம் கிடையாது. இடத்தை மட்டும் அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எல்லா இடமும் தீர்ந்துபோயி ஆபத்துன்னு வந்துச்சுன்னு வையி, அதைத் தூக்கி எறிஞ்சா போதும். சட்டுனு இடம்!"

இதுவரை சிரிக்காத பாய்கூடச் சிரித்துவிட்டார். மாசானம் பெஞ்சிலிருந்து சரிந்தே போனான். "கடுகை நம்புனேன் அண்ணாச்சி. பூஜ்ஜியம் அருவியில குளிச்சதை நம்புனேன். ஆனா வெறுமையைப் பிடிச்சுப் பூட்டி வச்சேன்னு சொல்லுதீரு பாரும்!"

"சிரிக்காத வே! இது சத்தியம்!"

"மத்தது?"

அண்ணாச்சி மற்றதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. "எவனும் தெரியாம அழிச்சிரக் கூடாதுல்லா? அதுக்கு ஒரு வேலை பண்ணுவேன். எவனும் தொடப் பயப்படுத பேரா வைப்பேன். பெங்களூர்ல 'முதலாளி மாமனார் அறுபதாம் கல்யாணம்'னு வச்சேன். ஒருத்தன் கிட்டப் போகலை. தென்காசியில 'ஆடிட்டர் கேட்ட விளக்கம்'னு வச்சேன். அதைப் பாத்தாலே எல்லாரும் வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க."

தவமணி சோதனைக் குழாயை மேஜைமேல் வைத்தாள். கேனைத் திறந்து 'இது எந்த ஊர்ப் பால்?' என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"இங்க என்ன பேரு வச்சீங்க?"

"இங்கயா?" அண்ணாச்சி வாயைத் திறந்தார். "இங்க நான் சேர்ந்த அன்னைக்கு... அன்னைக்கு ஆண்டு விழா. வெளிய மைக்ல சத்தம். நான் உள்ள உக்காந்து..."

வாய் திறந்தபடியே நின்றது.

நாலு பேரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பைப் பார்த்தார்கள். அறுபது வரிகளுக்கும் மேலே, நாலு வருஷமாக யாரும் தொடாமல், தலைவரே அதன்மேல் உட்கார்ந்திருப்பது போல 'தலைவர் உரை, மூன்றாம் பாகம்' இருந்தது.

"அது நீரு வச்சதா?" என்றான் மாசானம்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல வே." அண்ணாச்சியின் குரல் பாதியாக இறங்கிவிட்டது. "நிசமாவே தலைவரு பேச்சா இருந்துட்டா?"

"திறங்க" என்றாள் தவமணி.

திறந்தார். திரை முழுக்கப் பூஜ்ஜியம். கீழே தள்ளினார், பூஜ்ஜியம். இன்னும் கீழே தள்ளினார், அங்கேயும் பூஜ்ஜியம்.

"உள்ள ஒண்ணுமே இல்லை" என்றார் பாய்.

"அதை வச்சு என்ன சொல்ல முடியும்?" என்றான் மாசானம். "தலைவரு பேச்சாவும் இருக்கலாம்லா."

அது நியாயமான சந்தேகம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. அண்ணாச்சியின் விரல் அழிக்கும் பொத்தான் வரை போய்த் திரும்பி வந்தது. மீசைக்கு மூன்று நாள் என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கேனில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் தவமணி பாலைப் பார்த்துக்கொண்டே நிற்க மாட்டாள். கேனின் கழுத்தைப் பார்ப்பாள். எந்த ஊர், யார் ஊற்றினது, எப்போது ஊற்றினது என்று அங்கே எழுதியிருக்கும். "இதை யாரு போட்டது, எந்தத் தேதியில போட்டதுன்னு எழுதியிருக்குமா?"

எழுதியிருந்தது. அண்ணாச்சி வேலையில் சேர்ந்த தேதி. போட்டவர் பெயர்: குற்றாலிங்கம்.

"அழிங்க."

அழித்தார்.

கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. நாற்பது ஜி.பி. வெறுமை போன இடத்தில் நாற்பது ஜி.பி. இடம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. குமாஸ்தா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். இறக்குமேடையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். தொட்டியின் மூடி.

தவமணி நடந்து போகிறவள்தான், ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினாள். மாசானமும் பாயும் கேன் தூக்கினார்கள். கேன்டீன் கல்லா அனாதையாகக் கிடந்தது. ஒவ்வொரு கேனையும் கவிழ்க்கும் முன் அவள் முகர்ந்தாள். ஆபத்து வந்துவிட்டது என்பதற்காகச் சோதனையை விடுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. நூற்றுப்பத்தாவது கேன் இறங்கியபோது மணி பத்து நாற்பத்தைந்து. அதிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்க வைத்துச் சாய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இறங்கியது. அப்போதுதான் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் கேன்டீனுக்குத் திரும்பியபோது, குற்றாலிங்கம் அண்ணாச்சி வடையைத் தின்று முடித்துவிட்டு இரண்டாவதில் இருந்தார். வாட்ச்மேன் எதிரே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"...தலைவரு பேச்சுன்னா சும்மாவா? நாப்பது ஜி.பி. கனம். ஒத்த விரலால நெம்பித் தூக்குனேன். தூக்குன வேகத்துல உள்ள அடைஞ்சிருந்த வெறுமை எல்லாம் குபீர்னு வெளிய வந்து, மதுரையில மாநாட்டுல பேசிக்கிட்டிருந்த தலைவருக்கு வாய் அடைச்சுப் போச்சாம். ஜனம் கை தட்டுது! வா தவமணி, நீயே சொல்லு. நான் அன்னைக்கு அதை வைக்கலைன்னா இன்னைக்குப் பால் என்ன ஆயிருக்கும்?"

தவமணி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "அதைத்தான் நானும் யோசிச்சேன் அண்ணாச்சி. டைரக்டரி மொத்தம் எவ்வளவு கொள்ளும்?"

"நூறு."

"நாளுக்கு ஒண்ணு. நூறு நாள் தாங்கணும்னு கணக்குப் போட்டீங்க."

"ஆமா. சரியான கணக்கு."

"அதுல உங்க வெறுமை எவ்வளவு?"

"நாப்பது."

"அது இல்லைன்னா டைரக்டரி எப்ப நிறைஞ்சிருக்கும்?"

"இன்னும் நாப்பது நாள் கழிச்சு. அதுக்கு முன்னாடியே, தொண்ணூறாம் நாளு, நான்தான் காலி பண்ணி..." அண்ணாச்சியின் கையில் வடை பாதி வழியில் நின்றது.

"அப்ப இன்னைக்கு நிறைஞ்சதுக்கு யாரு காரணம்?"

காலையிலிருந்து திட்டு வாங்கிய சங்கத் தலைவர், மதுரையில் ஏதும் அறியாமல் நிரபராதியாக இருந்தார். வாட்ச்மேன் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

தவமணி மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்து பொறுமையாக, தெளிவாக எழுதினாள்: 'தண்ணீர், நூற்றுக்கு நாற்பது.' தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். சர்வருக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாததால், சீட்டை அண்ணாச்சியின் சட்டைப் பையிலேயே ஒட்டினாள்.

அண்ணாச்சி சீட்டைக் குனிந்து படித்தார். "அது சுத்தமான தண்ணி தாயி" என்றார். "ஒரு தூசி கிடையாது."

அவருக்கே அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. யாராவது சிரிப்பார்களா என்று சுற்றிப் பார்த்தார். மாசானம் சிரிக்கவில்லை. அவன் லாரிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எட்டுக்கே என்னைத் திருப்பி அனுப்புனாங்க" என்றான். "சீட்டு ஒட்டினா வந்த வழியே போகணும்லா. ஏறுங்க அண்ணாச்சி, லாரி காலியாத்தான் நிக்குது."